ஜூலை கடைசியில் ரிச்சர்ட் பாங் புல்வெளி: வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகளோடு போக யோசனை வேண்டும்

பொன்னிநாடன் | ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிகாகோவுக்கு வடமேற்கே ஷாம்பர்க்கில் இருக்கிறோம். அப்பா அம்மா மே மாதம் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தார்கள், ஆகஸ்ட் நடுவில் திரும்புகிறார்கள். நகரம், கோயில், மிச்சிகன் ஏரிக்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்பா ஆயுசு முழுக்க வயலில் நின்றவர். போன வாரம் காரில் போகும்போது, "மக்காச்சோளமும் சோயாவும் போடுறதுக்கு முன்னாடி இந்த மண்ணுல என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டார். பிரெய்ரி, அதாவது உயரப் புல்வெளி, என்று சொன்னேன். "அதைக் காட்டு" என்கிறார்.

தேடிப் பார்த்ததில் விஸ்கான்சின் எல்லையைத் தாண்டியதும் ரிச்சர்ட் பாங் ஸ்டேட் ரிக்ரியேஷன் ஏரியா வருகிறது. வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஏரி இருக்கிறது, கூடாரம் போட இடமும் இருக்கிறது. ஜூலை கடைசி வாரம்தான் எனக்கு விடுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஐந்து வயது. யாராவது போயிருக்கிறீர்களா? ஒரு நாள் போய் வருவது நல்லதா, இரவு தங்கலாமா?

கெனோஷாகாரி | ஜூன் 9

தாராளமாகப் போகலாம். எங்கள் வீட்டிலிருந்து பக்கம், எல்லாப் பருவத்திலும் போகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றி. 4,515 ஏக்கர். ஐ-94 நெடுஞ்சாலையில் கெனோஷா பக்கம் இறங்கி 142ஆம் சாலையில் மேற்கே போனால் பிரைட்டன் ஊரைத் தாண்டியதும் வரும். சாலை பூங்காவுக்கு நடுவிலேயே போகிறது. நடைபாதைகளுக்கு நிறங்களை வைத்துப் பெயர், நீலம், சிவப்பு, பச்சை என்று. மோலினாரோ பார்வையாளர் மையத்தில் நிறுத்தி வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கழிப்பறை இருக்கும் இடமும் அதுதான், உள்ளே பல இடங்களில் குழிக் கழிப்பறைதான். பெரியவர்களோடு போகும்போது இதை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வண்டி இல்லினாய் எண் பலகை என்றால் நுழைவுச் சீட்டுக்கு விஸ்கான்சின் வண்டிகளைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டணம் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. ஆறு பேரும் ஒரே வேனில் போனால் ஒரே சீட்டு. பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து இரவு 11க்கு மூடும்.

பேரைப் பார்த்துப் பலரும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் பாங் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளிலேயே அதிகமான எதிரி விமானங்களை, அதாவது 40 விமானங்களை வீழ்த்தியவர். விஸ்கான்சினின் வடகோடியில் பாப்லர் என்ற சிற்றூரில் வளர்ந்த விவசாயி மகன். 1945 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாளில், கலிபோர்னியாவில் புதிய ஜெட் விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விபத்தில் இறந்தார். வயது 24. அவர் பெயரில் இங்கே ஒரு போர் விமானத் தளம் கட்டத் தொடங்கினார்கள். நிலத்தையெல்லாம் எடுத்து, மண்ணைச் சமப்படுத்தி, 12,500 அடி ஓடுதளத்துக்குக் கான்கிரீட் கொட்ட மூன்றே நாள் இருக்கும்போது, 1950களின் கடைசியில், வேண்டாம் என்று கைவிட்டுவிட்டார்கள். பல வருடம் சும்மா கிடந்தது. 1974இல் மாநில அரசு வாங்கியது. கான்கிரீட் விழுந்திருந்தால் இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அருவி | ஜூன் 9

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். பெற்றோர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், ஜூலை வெயிலில் கூட்டிப்போய்ப் புல்லைக் காட்டுவதா? மரநிழல் இருக்காது, மேடு பள்ளம் இருக்காது. இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட ஓட்டினால் பாராபூ பக்கம் டெவில்ஸ் லேக் இருக்கிறது. இருபுறமும் 500 அடி உயரத்துக்கு ஊதா நிறக் குவார்ட்சைட் பாறை, நடுவில் தெளிந்த ஏரி. யாரைக் கூட்டிப்போனாலும் வாய் பிளந்து நிற்பார்கள். புல்வெளிக்குப் போனவர்கள் காரிலிருந்து இறங்கி, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் ஏறிவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

தும்பி | ஜூன் 10

அருவி, டெவில்ஸ் லேக் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அப்பா கேட்டது பாறையை இல்லையே. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, அங்கே மேலே ஏறினால்தான் காட்சி.

பத்து நிமிடத்தில் திரும்புகிறவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. காரில் இருந்து பார்த்தால் பிரெய்ரி ஒன்றும் தராது. உள்ளே நடந்து போய், தோள் உயரப் புல் இரண்டு பக்கமும் இருக்க ஒரு இடத்தில் நின்று, கீழே குனிந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்காமல் போவதில் பயனில்லை. ஒதுக்கினால், பயிரோடு பழகிய கண்ணுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

பொன்னிநாடன் சார், உங்கள் அப்பாவுக்கு என்ன காட்டலாம் என்று சொல்கிறேன். விதை சேகரிக்கும் தன்னார்வலராக இருப்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிக் ப்ளூஸ்டெம் என்ற புல்லை முதலில் தேடுங்கள். உயரப் புல்வெளிக்கு ராஜா அதுதான். ஆகஸ்டில் ஆறு, ஏழு அடி போகும். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் போல இருக்கும். ஜூலை கடைசியில் கதிர் அப்போதுதான் தள்ளத் தொடங்கியிருக்கும். சோளம், கரும்பு, வெட்டிவேர் எல்லாம் சேர்ந்த அதே புல் வகையறாவில்தான் இதுவும் வருகிறது. தண்டின் கணுவைத் தொட்டுப் பார்த்தாலே அப்பா சொல்லிவிடுவார். இதன் வேர் பத்தடி ஆழம் போகும். செடியின் பெரும்பங்கு மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடம் அந்த வேர்கள் மக்கி மக்கித்தான் இல்லினாயிலும் தென் விஸ்கான்சினிலும் இந்தக் கரிய மண் உண்டானது. அதனால்தான் அது மக்காச்சோளத்துக்குப் போனது. ஜான் டியர் 1837இல் இல்லினாயில் எஃகுக் கலப்பை செய்தார். பழைய வார்ப்பிரும்புக் கலப்பையில் இந்த மண் ஒட்டிக்கொள்ளும், எஃகில் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் ஒரே தலைமுறையில் பெரும்பாலும் உழுது முடித்துவிட்டார்கள். இன்று பழைய பிரெய்ரியில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை, இல்லினாயிலும் இல்லை, விஸ்கான்சினிலும் இல்லை. பாங் பூங்காவில் நீங்கள் பார்க்கப்போவதிலும் பெரும்பகுதி திரும்ப விதைத்து, தீ வைத்து, பராமரித்து மீட்டெடுத்தது.

அம்மாவுக்கு மில்க்வீட். இலையைக் கிள்ளினால் பால் வடியும், காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். நம்மூர் எருக்கின் உறவு. எருக்கிலையில் வரி வரியாக ஒரு புழு இருக்குமே, அதன் பங்காளிதான் இங்கே மோனார்க் புழு. இலைக்கு அடியில் பார்த்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். செடியைப் பறிக்கக் கூடாது, பூவும்தான். தின்னக்கூடிய காட்டுப் பழங்களை நமக்கு வேண்டிய அளவு பறித்துக்கொள்ள விஸ்கான்சின் பூங்காக்களில் அனுமதி உண்டு. ஜூலையில் வேலியோரம் கறுப்பு ராஸ்பெர்ரி கிடைக்கும்.

பொன்னிநாடன் | ஜூன் 10

தும்பி, இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். தீ வைத்துப் பராமரிப்பது என்றால் என்ன, வேர் கருகாதா? இன்னொன்று, ஆடு மாடு மேயுமா?

பெரியவன் காட்டெருமை, அதாவது பைசன், இருக்குமா என்று கேட்கிறான். என் மனைவிக்கு ஒரே பயம் உண்ணிதான். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தும்பி | ஜூன் 10

வேர் கருகாது. இந்தப் புற்களின் முளைக்கண் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தீ மேலே ஓடிப்போய்விடும், மண் அரை அங்குலத்துக்குக் கீழே பெரிதாகச் சூடாகாது. காய்ந்த சருகெல்லாம் சாம்பலானதும் தரை கறுப்பாகி வெயிலை இழுக்கும், முளை சீக்கிரம் கிளம்பும். புல்லுக்குள் தலைதூக்கும் மரக்கன்றுகளும் புதர்களும் மட்டும் மாட்டிக்கொள்ளும். தீ இல்லாவிட்டால் கொஞ்ச வருடத்தில் புல்வெளி புதர்க்காடாகிவிடும். முன்னால் மின்னலும் தீ வைத்தது, இந்த மண்ணின் பூர்வகுடிகளும் தெரிந்தே வைத்தார்கள். தென்கிழக்கு விஸ்கான்சினில் அது பொட்டாவடோமி மக்களின் நாடு. இப்போது பூங்காத் துறை பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து, காற்று, ஈரப்பதம் பார்த்து, பகுதி பகுதியாகக் கொளுத்துகிறது. பெரும்பாலும் வசந்தத்தில். தீயைத் தாண்டிப் பிழைக்கும் மரம் பர் ஓக். தக்கை போலத் தடித்த பட்டை, தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பைசன் பாங்கில் இல்லை. பார்க்க வேண்டுமானால் ஜோலியட்டுக்குத் தெற்கே மிடேவின் தேசியப் புல்வெளி. பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை நிலம் அது, 2015இல் பைசன் கொண்டுவந்து விட்டார்கள். இல்லினாயிலேயே இருக்கும் நச்சுசா புல்வெளியில் 2014 முதல் இருக்கின்றன. இரண்டிலும் பரப்பு பெரிது, மந்தை தூரத்தில் நிற்கும், சில நாள் கண்ணிலேயே படாது. பையனிடம் அதைச் சொல்லிவைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள், தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

செவிலி | ஜூன் 11

உண்ணி பற்றி நான் சொல்கிறேன், மருத்துவமனையில் கோடை முழுக்க இதைப் பார்க்கிறோம்.

இங்கே முக்கியமாக இரண்டு வகை. நாய் உண்ணி கொஞ்சம் பெரிது, அது கடித்து லைம் என்ற தொற்று நோய் வராது. மான் உண்ணி சின்னது, லைம் அதிலிருந்துதான் வரும். அதன் இளம் பருவம் கசகசா அளவுதான், மே முதல் ஜூலை வரை அதிகம். பயந்து வீட்டில் இருக்க வேண்டியதில்லை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விடுங்கள். வெளிர் நிறத் துணி போடுங்கள், ஊர்ந்தால் தெரியும். துணிக்கும் காலணிக்கும் முந்தின நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்துக் காய வைக்கலாம், அதைத் தோலில் போடக் கூடாது. தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி. பாதையின் நடுவில் நடங்கள், புல் மேலே உரசும் ஓரத்தில்தான் அது காத்திருக்கும்.

திரும்பியதும் எல்லோரும் குளித்துவிட்டு அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். பெரியவர்களுக்குக் கண் பார்வை மங்கலாக இருந்தால் அவர்களுக்கும் நீங்களே பாருங்கள். சங்கடப்பட வேண்டாம். போட்டிருந்த துணியை உலர்த்தும் எந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் விட்டால் ஒளிந்திருப்பது செத்துவிடும்.

ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். மாட்டுக்கு அப்படி எடுத்துப் பழகியவர்கள் கை சும்மா இருக்காது, அதனால் சொல்கிறேன். லைம் கிருமி உள்ளே போக உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அன்றைக்கே எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், மூட்டு வலி, பரவிக்கொண்டே போகும் தடிப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் அந்தத் தடிப்பு புத்தகப் படத்தில் இருப்பதுபோல் சிவப்பு வளையமாகத் தெரியாமல் போகலாம், கருத்த திட்டாகவோ காயம் போலவோ இருக்கும். இதனால் தாமதமாக வருகிறவர்களை நிறையப் பார்க்கிறோம், தயவுசெய்து கவனமாக இருங்கள்.

காட்டு பார்ஸ்னிப் என்ற செடியும் உண்டு. மஞ்சள் பூ, கொத்தமல்லிப் பூ மாதிரி குடைக் கொத்து, மார்பு உயரம். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்பளித்துவிடும். பிள்ளைகளிடம் "மஞ்சள் குடையைத் தொடாதே" என்று ஒரு வரி சொல்லிவைத்தால் போதும்.

மில்வாக்கி மாமா | ஜூன் 11

தங்குவது பற்றி. பாங்கில் சன்ரைஸ், சன்செட் என்று இரண்டு முகாம்கள், மொத்தம் இருநூறு இடங்களுக்கு மேல். குளிக்க வெந்நீர் உண்டு. விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். அதனால் ஜூலை கடைசி வெள்ளி, சனி கிடைப்பது கஷ்டம். ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள் தம்பி, கிடைத்துவிடும். யாராவது ரத்து செய்கிற இடமும் அடிக்கடி வரும், தினமும் காலையில் ஒரு முறை பாருங்கள்.

விறகு எடுத்துப்போகாதீர்கள். பூங்காவிலிருந்து பத்து மைலுக்குள் வாங்கியதோ, சான்று முத்திரை உள்ளதோ மட்டும்தான் அனுமதி. விறகோடு ஆஷ் மரத்தைக் கொல்லும் பச்சை வண்டு வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். இல்லினாயிலிருந்து டிக்கியில் போட்டு வருகிறவர்கள் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பூங்காவிலேயே கட்டு விற்பார்கள்.

சாப்பாடு இரவில் வெளியே இருக்கக் கூடாது, ரக்கூன் பெட்டியைத் திறக்கத் தெரிந்தது. எல்லாம் காருக்குள். பகலில் வந்துபோகிறவர்களுக்குப் பூங்காவில் குப்பைத்தொட்டி இருக்காது, பை எடுத்துவந்து வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு என்றாலும் போட்டுவிட்டு வரக் கூடாது.

ஆனால் அறுபத்தைந்து தாண்டியவர்களைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். மடக்குக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். இரவில் கழிப்பறைக்கு இருட்டில் நடக்க வேண்டியிருக்கும், அதற்குப் பக்கத்து இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

அருவி | ஜூன் 11

இதைத்தான் சொல்கிறேன். உண்ணி, கொப்பளிக்கிற செடி, வெயில், கட்டில். எழுபது வயதுக்காரருக்கு இரவு தங்கல் தேவையே இல்லை. ஒரு நாள் போய்வாருங்கள், மாலை வீட்டில் படுங்கள். போகவே வேண்டாம் என்று இனி சொல்லவில்லை, தும்பி எழுதியதைப் படித்தபிறகு எனக்கே ஒரு முறை சரியாகப் பார்க்கத் தோன்றுகிறது.

கெனோஷாகாரி | ஜூன் 11

தங்கல் விஷயத்தில் அருவியோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் பிரெய்ரி நன்றாக இருப்பது அதிகாலையிலும் சாயங்காலத்திலும்தான். பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்பினால் பார்க்கக் கூடாத நேரத்தில்தான் பார்ப்பீர்கள். பறவை அடங்கியிருக்கும், பூவெல்லாம் வெளுத்துத் தெரியும், எல்லோருக்கும் தலைவலி வரும். அதனால் ஒரு நாள் போவதானால் மதியம் மூன்று மணிக்குப் பிறகு வாருங்கள். அந்த வாரத்தில் எட்டேகால் வாக்கில்தான் சூரியன் மறையும், ஐந்து மணி நேரம் கிடைக்கும்.

வந்ததும் பார்வையாளர் மையம், அதன் பின்னாலேயே சின்னச் சுற்றுப்பாதை. அம்மா மெதுவாக நடக்கலாம், மடக்கு நாற்காலி ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வுல்ஃப் ஏரி. 150 ஏக்கர், மணல் கரை உண்டு. உயிர்காப்பாளர் கிடையாது, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் அங்கே மேசையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஆறரை மணிக்கு மேல் புல்லுக்குள் போங்கள். சாண்ட்ஹில் நாரைகள் அந்நேரம் ஈரநிலத்துக்குத் திரும்பும், கூப்பிடுவது வெகுதூரம் கேட்கும். இருட்டியதும் மின்மினி. ஜூலை கடைசியில் குறைந்திருக்கும், ஆனால் இருக்கும்.

மீன் பிடிக்க ஆசையிருந்தால் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் உரிமம் வாங்க வேண்டும். ஜூன் முதல் வார இறுதியில் மட்டும் மாநிலம் முழுக்க உரிமமும் வேண்டாம், பூங்கா நுழைவுச் சீட்டும் வேண்டாம். அடுத்த வருடத்துக்கு நினைவில் வையுங்கள்.

ராக்கெட் ரசிகன் | ஜூன் 12

ஒன்றை யாருமே சொல்லவில்லை. பாங் பூங்காவில் சிறப்புப் பயன்பாட்டு மண்டலம் என்று ஒரு பகுதி தனியாக இருக்கிறது. மாதிரி விமானம், நாய்ப் பயிற்சி, வல்லூறு வளர்ப்பவர்கள், குதிரை, நான்கு சக்கர மோட்டார், பெரிய ராக்கெட் எல்லாம் அங்கேதான். போர் விமானம் பறக்க எடுத்த நிலத்தில் பிள்ளைகள் விடும் ராக்கெட் பறக்கிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். சில வார இறுதிகளில் ராக்கெட் மன்றங்கள் கூடி ஏவுவார்கள், வேடிக்கை பார்க்க யாரும் போகலாம். ஒன்பது வயதுப் பையனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நாட்காட்டியைப் பார்த்து அந்த நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தும்பி | ஜூன் 12

அமைதி வேண்டுமென்றால் அந்த நாளைத் தவிருங்கள் என்றும் இதைப் படிக்கலாம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. தரையில் கூடு கட்டுகிற பறவைகளுக்கு இவ்வளவு பெரிய திறந்த புல்வெளி இந்தப் பக்கத்தில் வேறு இல்லை. பாபோலிங்க் என்று ஒரு சின்னப் பறவை, குளிர்காலத்துக்குத் தென் அமெரிக்கா போய்த் திரும்ப இங்கே வந்து கூடு கட்டுகிறது. அது குஞ்சு பொரிக்கும் மே, ஜூனில் மோட்டார் சத்தம் கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை.

ராக்கெட் ரசிகன் | ஜூன் 12

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மண்டலத்துக்கு எல்லை உண்டு, அனுமதிச் சீட்டு உண்டு. ராக்கெட் விடவும் நாயைப் பழக்கவும் வருகிறவர்கள் கட்டுகிற பணமும், அவர்கள் காட்டுகிற அக்கறையும் சேர்ந்துதான் இந்த 4,515 ஏக்கரும் வீட்டுமனையாகாமல் நிற்கிறது. சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவில் இருக்கிற நிலம் இது. வெறும் பறவைக்காக மட்டும் என்றால் இவ்வளவு பேர் இதற்காகப் பேச மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தும்பி | ஜூன் 12

அது நியாயமான வாதம்தான். இருந்தாலும் கூடு கட்டும் காலத்தில் சத்தத்தைக் குறைக்கலாம் என்பதில் நான் மாறவில்லை. பொன்னிநாடன் சார் போவது ஜூலை கடைசி, அப்போது குஞ்சுகள் பறந்திருக்கும், அவருக்கு இந்தக் கவலை இல்லை.

பொன்னிநாடன் | ஜூன் 14

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்தோம். செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் போகிறோம். அப்பாவும் நானும் பெரியவனும் மட்டும் சன்ரைஸ் முகாமில் ஒரு இரவு, கட்டிலோடு. மனைவி, அம்மா, சின்னவள் மூவரும் இருட்டுவதற்கு முன் கெனோஷாவில் ஒரு விடுதிக்குப் போய்விடுவார்கள், காலையில் திரும்ப வருவார்கள். மழை வந்தால்?

மில்வாக்கி மாமா | ஜூன் 14

தூறல் என்றால் இருங்கள். இடி கேட்டால் உடனே காருக்குள். திறந்த புல்வெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான், கூடாரம் மின்னலைத் தடுக்காது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்க வேண்டும். அப்பாவிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், வயலில் மழையோடு நின்று பழகியவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள்.

பொன்னிநாடன் | ஆகஸ்ட் 2

போய் வந்தோம். என்ன நடந்தது, எது உதவியது என்று எழுதுகிறேன்.

மூன்றரைக்குப் போனபோது நல்ல வெயில், ஏரிக்கரையில்தான் இருந்தோம். கெனோஷாகாரி அக்கா சொன்னபடி ஆறரைக்கு மேல் புல்லுக்குள் நடந்தோம். அப்பா முதல் கால் மணி நேரம் பேசவே இல்லை. ஒவ்வொரு தண்டாகப் பிடித்துப் பார்த்தார். பிக் ப்ளூஸ்டெம்மை நான் காட்டுவதற்கு முன்பே "இது சோளத்து வகையறா" என்று சொல்லிவிட்டார். வேர் பத்தடி என்றதும் நம்பவில்லை. பார்வையாளர் மையத்தில் இருந்தவர் அவருக்காகப் பொறுமையாக விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். கம்பஸ் பிளான்ட் என்ற மஞ்சள் பூச்செடியையும் அவர்தான் சொன்னார். அடி இலைகள் வடக்கு தெற்காக விளிம்பைத் திருப்பி நிற்கின்றன, மதிய வெயில் முழுசாக இலைப் பரப்பில் விழாது. அப்பா தன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து ஏழெட்டுச் செடியில் சரிபார்த்தார். எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. "தண்ணி பாய்ச்ச ஆள் இல்லாத இடத்துல செடிக்கே கணக்குத் தெரியுது" என்றார்.

அம்மா மில்க்வீட்டைப் பார்த்ததும் எருக்கு என்றே சொன்னார். சின்னவள் இலைக்கு அடியில் புழுவைக் கண்டுபிடித்துவிட்டாள், அதன்பிறகு அவளை நகர்த்த முடியவில்லை. அம்மா நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றுப்பாதை முழுக்க அவர் நடக்கவில்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

இரவில் கொசு அதிகம், இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அடுத்து போகிறவர்கள் வலை போட்ட தொப்பி கொண்டுபோங்கள். நாரைச் சத்தம் விடியற்காலை ஐந்தரைக்கே கேட்டது. பெரியவன் துணியில் ஒரு நாய் உண்ணி, தோலில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட்டோம். செவிலி அவர்களுக்கு என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

அப்பா இப்போது தீ வைத்ததற்கு அப்புறம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்கிறார். ஆகஸ்ட் பதினைந்துக்கு டிக்கெட். அதனால் அவருக்காக நான் போய்ப் படம் எடுத்து அனுப்பப்போகிறேன். எந்த மாதம் போகலாம்?

தும்பி | ஆகஸ்ட் 2

படிக்கப் படிக்க மகிழ்ச்சி. ஏப்ரல் கடைசியில் போங்கள். கொளுத்திய பகுதி கன்னங்கரேல் என்று இருக்கும், அதற்குள் பச்சை முளை விரல் நீளத்துக்கு வந்திருக்கும். கொளுத்தாத பகுதி பக்கத்திலேயே வெளுத்த வைக்கோலாகக் கிடக்கும், இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். எந்தப் பகுதியைக் கொளுத்தினார்கள் என்று மையத்தில் கேட்டால் வரைபடத்தில் குறித்துத் தருவார்கள். மே நடுவில் இன்னொரு முறை அதே இடத்தில் நின்று எடுத்தால் ஷூட்டிங் ஸ்டார் பூவும் கிடைக்கலாம்.

பழைய, உழவே படாத மண்ணையும் பார்க்க விரும்பினால் மிச்சிகன் ஏரிக்கரையில் பிளசன்ட் பிரெய்ரி ஊரில் சிவாக்கி பிரெய்ரி இருக்கிறது. பாங்கிலிருந்து அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அருவி | ஆகஸ்ட் 3

நாங்கள் அக்டோபரில் போகலாம் என்றிருக்கிறோம், புல் செம்பு நிறமாக இருக்கும் என்று படித்தேன். வேட்டைக் காலம் என்று பயமாக இருக்கிறது. பரவாயில்லையா?

கெனோஷாகாரி | ஆகஸ்ட் 3

அக்டோபர் முதல் பத்து நாளுக்குள் போய்விடுங்கள், நிறமும் நன்றாக இருக்கும், நடுவாக்கில்தான் ஃபெசன்ட் கோழி வேட்டை தொடங்கும். அதற்கப்புறம் போனால் எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை போட வேண்டும், நாய்க்கும் ஒன்று. கடையில் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் கிடைக்கும், விஸ்கான்சினில் அதுவும் செல்லும். நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை, அந்த நாட்களில் பிள்ளைகளோடு புல்லுக்குள் போகவே வேண்டாம். மையத்தில் கேட்டால் எந்தெந்தப் பகுதி அன்றைக்கு வேட்டைக்குத் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள்.